ஆளு வரலைன்னா யார் குத்தம்?

நாம நாலு பேர் கூடினாலே முதல்ல வர்ற பேச்சு, "வேலைக்கு ஆளே கிடைக்கலைங்க" என்பதுதான். நானும் பல வருஷம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தவன்தான்.

ரமணாசிரமத்துக்கு மேற்கே, செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எனக்கு இரண்டரை ஏக்கர் கழனி. கிணற்றுப் பாசனம். மார்கழியில் மல்லாட்டை போடுவேன். அதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் 11 வருஷம் மேற்பார்வையாளர் வேலை. மணி அடிச்சா வேலை, மணி அடிச்சா சாப்பாடு. அந்தப் புத்தியோடுதான் கழனிக்கு வந்தேன்.

மூன்றாவது வருஷம், விதைத்த 22ஆம் நாள். நாம களைக்கொல்லி தொடுவதில்லை, கைக்களைதான். எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன், அரை மணி ஆகியிருந்தது. "கூலி வாங்கறது களை எடுக்கவா, கதை பேசவா?" என்று சத்தம் போட்டேன். அதில் ஒருவருக்கு என் அம்மா வயது. யாரும் பதில் பேசவில்லை. வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஒருத்தரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மல்லாட்டை போடுறவங்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். முதல் களை 20, 25 நாளில் முடியணும். இரண்டாம் களையும் மண் அணைப்பும் 45 நாளுக்குள். விழுது இறங்கின பிறகு செடியைச் சுற்றி மண்ணைக் கிளறினால் விழுது அறுந்து காய் போச்சு. நானும் என் மனைவியும் குனிந்து குனிந்து பார்த்தோம். ஒரு நாளைக்கு ஆறு சென்ட் கூடத் தேறவில்லை. கோரை செடியை மூடிக்கொண்டு வந்தது.

பத்து நாள் வீம்பு பிடித்துவிட்டு அவங்க தெருவுக்குப் போனேன். அந்த மூத்தவர் திண்ணையில் இருந்தார்.

"கூலி நீ கொறைச்சலா குடுக்கல தம்பி. நாலு மணிக்கு எழுந்து, சோறாக்கி, புள்ளைங்கள அனுப்பிட்டு வெறும் வயித்தோட வர்றோம். அந்தக் கூழுதான் எங்களுக்குக் காலை சாப்பாடு. அதையும் நீ மணி பாக்குற. டீ குடுக்குற, சரி. நீ சில்வர் டம்ளர்ல குடிக்கிற, எங்களுக்குப் பேப்பர் கப்பு."

பேப்பர் கப்பு சுத்தம் என்றுதான் வாங்கினேன். ஆனா தனி டம்ளர் என்றால் அந்தத் தெருவுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "தப்பு என்னோடதுதான் பெரியம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் பக்தன் இல்லை. ஆனா ஆசிரமத்தைச் சுற்றி வாழ்பவனுக்கு அந்தச் சமையலறைக் கதைகள் காதில் விழாமல் இருக்காது. ரமணர் விடியும் முன்னே எழுந்து மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்குவாராம். பந்தியில் தனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் கோபம் வருமாம். எல்லோருக்கும் எதுவோ அதுதான் அவருக்கும். வேலையில் ரொம்பக் கறார், ஒரு காம்பைக்கூட வீணாக்க விடமாட்டார் என்றும் சொல்கிறார்கள். கறாராக இருப்பதற்கும் ஆளை மட்டம் தட்டுவதற்கும் நடுவில் இருந்த வித்தியாசம் 11 வருஷம் மேற்பார்வை பார்த்த எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். அந்த வருஷம் காய் பாதிதான்.

அதற்குப் பிறகு சில விஷயங்களை மாற்றினேன். வேலை ஏழு மணிக்கு, ஒரு மணிக்கு முடிந்துவிடும். பத்து மணிக்குக் கூழும் மோர் மிளகாயும் எங்க வீட்டிலிருந்தே வரும். நானும் அதே வரப்பில், அதே சொம்பு. கூலி அன்றைக்கே, அவங்க கேட்பதற்கு முன். மழை வந்து பாதியில் நின்றால் அரைக் கூலி உண்டு. ஒரு கொட்டகையும் கதவு போட்ட கழிப்பறையும் கட்டினேன். நாம மண்புழுவுக்கு நிழல் வேணும்னு தென்னை ஓலைக் கூரை போடுறோம். களை எடுக்கிறவங்களுக்கு ஒரு நிழல் போட எனக்கு நாலு வருஷம் ஆச்சு பாருங்க.

கூலி விஷயத்தில்தான் இன்னும் தடுமாற்றம். சம வேலைக்குச் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. எங்க பக்கம் இன்றைக்கும் பெண்ணுக்குக் குறைவுதான். நான் ஏற்றினேன், சமமாக இல்லை, முக்கால் பங்கு வரை. அதற்கே பக்கத்துக் கழனிக்காரர், "நீ ஏத்திட்டுப் போயிடுவ, நாங்க எங்க போறது?" என்று சண்டைக்கு வந்தார். அவர் சொல்வதும் பொய்யில்லை. மல்லாட்டை விலை நம்ம கையில் இல்லையே. ஆனால் நூறு நாள் வேலையால்தான் ஆள் கிடைக்கலை என்று திட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். 2006 பிப்ரவரியில் அந்தத் திட்டம் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் நம்ம திருவண்ணாமலையும் ஒன்று. "உன் கழனிக்கு வரமாட்டேன்" என்று சொல்ல அவங்களுக்கு அது ஒரு வழி கொடுத்தது. அந்த வார்த்தை எனக்கும் தேவையாகத்தான் இருந்தது.

இப்போ எந்தப் பக்கத்திலிருந்து களை ஆரம்பிக்கணும், எத்தனை பேர் வேணும் என்பதைப் பெரியம்மாதான் முடிவு பண்ணுகிறார். போன வருஷம் விழுது இறங்கும் சமயத்தில் நான் கொத்தோடு உள்ளே இறங்கியபோது, "வெளிய வா தம்பி, காய மிதிக்காத" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். வெளியே வந்துவிட்டேன். இந்த வருஷம் காய் ஆயும்போது படி அளக்கும் வேலையும் அவரிடம்தான். படி என் வீட்டில் இல்லை, அவர் வீட்டில் இருக்கிறது.