பழைய றொக் பாடலிலிருந்து சொந்தப் பாட்டுக்கு

கண்டியிலோ பேராதனையிலோ ஒரு வீட்டுக்குக் கிற்றார் வந்தால், அதில் முதலில் ஒலிப்பது பெரும்பாலும் அரை நூற்றாண்டுக்கு முந்திய ஓர் ஆங்கிலப் பாட்டாகவே இருக்கும். தமிழ் வீடுகளிலும் இதே கதைதான். பிள்ளை ‘ஹோட்டல் கலிபோர்னியா’வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, “நம்முடைய பாட்டு ஒன்றும் இல்லையா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாதது. பழைய றொக் பாடல்களைக் கிற்றாரில் பழகுவதைப் பிறர் இசையை நகலெடுப்பதாக மட்டும் பார்க்க முடியாது என்பது என் வாதம். ஒழுங்காகப் பழகினால், சொந்த மொழியில் சொந்தப் பாட்டுக் கட்டுவதற்கு நமக்குக் கிடைக்கும் மிகக் குறுகிய வழி அதுவே. ‘ஒழுங்காக’ என்பதற்குள் நிறைய இருக்கிறது.

மாணவர்கள் ‘கோர்ட்’ என்று சொல்வது என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களை, சாதாரணமாக மூன்றை, ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவதுதான் கோர்ட். ஜி மேஜர் கோர்டில் ஜி, பி, டி என்ற மூன்று சுரங்கள் உள்ளன. ஜியைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் அவை சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். அந்தர காந்தாரத்தை ஒரு படி இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் அதுவே ஜி மைனர். மேஜருக்கும் மைனருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு காந்தாரம்தான். சங்கராபரணத்தையும் கரகரப்பிரியாவையும் பிரித்தறியும் காது இந்த வித்தியாசத்தையும் அறியும். ஆனால் கர்நாடக இசையில் ஒரு சட்ஜம் கச்சேரி முழுவதும் அசையாமல் நிற்க, அதன் மேல் ராகம் விரிகிறது. கோர்ட் இசையில் அடித்தளமே நகர்கிறது. பாடுபவர் ஒரே சுரத்தைப் பிடித்து நின்றாலும், கீழே கோர்ட் மாறியதும் அந்தச் சுரத்தின் உணர்வு மாறிவிடுகிறது. இந்த நகர்வைக் கேட்கப் பழகுவதுதான் கிற்றாரின் முதல் பாடம். நம் பாடசாலைகளில் தமிழ்மொழி மூலம் பயிலும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது கர்நாடக சங்கீதம். மேலைத்தேய சங்கீதம் தனிப்பாடமாக இருந்தும் எல்லாருக்கும் எட்டுவதில்லை. ஆகவே இந்தப் பாடம் வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கிறது.

அதற்கு ஏன் றொக்? காரணம் எளிது. அந்தப் பாடல்களில் மிகுதியானவை கிற்றாரைக் கையில் வைத்துக்கொண்டே உருவாக்கப்பட்டவை. கிற்றார் அங்கே அலங்காரம் அல்ல, எலும்புக்கூடு. ‘அமெரிக்கா’ குழுவின் ‘எ ஹார்ஸ் வித் நோ நேம்’ முழுவதும் இரண்டே கோர்டில் ஓடுகிறது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969இல் வெளியிட்ட ‘பேட் மூன் ரைசிங்’ பாடலுக்கு டி, ஏ, ஜி ஆகிய மூன்று போதும். பொப் டிலன் 1973இல் தந்த ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’ பாடலுக்கு நான்கு. இவற்றை வாசிக்கும் தொடக்க மாணவர் பாட்டின் ஒரு துண்டை அல்ல, முழுப் பாட்டையும் தாங்கிப் பிடிக்கிறார். திரைப்பாடலில் இது கடினம். 1982இல் வந்த ‘இளைய நிலா’வின் கிற்றார் நம் எல்லார் காதிலும் இருக்கிறது. ஆனால் அதை வாசித்த சந்திரசேகரின் விரல்நுட்பம் பல ஆண்டுப் பயிற்சியின் விளைவு, அதைச் சூழ்ந்து ஒரு முழு வாத்தியக் குழுவும் இருக்கிறது. அதைச் சென்றடைய வேண்டிய இடமாக வைத்துக்கொள்ளலாம், புறப்படும் இடமாக அல்ல. எதிர்ப்பக்கத்தில், எளிது என்று எண்ணி ‘ஹோட்டல் கலிபோர்னியா’வில் தொடங்குவதும் பிழையே. அதன் சரணம் எட்டு கோர்ட் கொண்ட ஒரு சுற்று. அதில் பி மைனரையும் எஃப் ஷார்ப்பையும் பிடிக்க ஒரே விரலால் பல தந்திகளை ஒருசேர அழுத்த வேண்டும். தந்திகளை ஒருசேர இறுக்கும் கவ்வியான கேப்போவை ஏழாவது கட்டில் மாட்டி, ஈ மைனர் வடிவத்தில் தொடங்கினால் பாரம் பெருமளவு குறைகிறது. ஒலிப்பதிவிலும் அந்த முகப்பு இசை அப்படித்தான் வாசிக்கப்பட்டது.

இனி ‘நம்முடையது அல்ல’ என்ற வாதத்துக்கு வருவோம். றொக் இசையின் மிக அடிப்படையான ஒலி ‘பவர் கோர்ட்’. அதில் காந்தாரமே கிடையாது, சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே. மின்கிற்றாரின் ஒலியைக் கரகரப்பாக்கும்போது காந்தாரம் சேர்ந்தால் கலங்கிப்போகும், வெறும் ச-ப மட்டும் திடமாக நிற்கும். நம் தம்புராவும் பெரும்பாலும் அந்த இரண்டு சுரங்களைத்தான் மீட்டுகிறது. றொக் கிற்றார்க்காரர்கள் தனி வாசிக்கும்போது அதிகம் கையாளும் ஐந்து சுர வரிசை ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம் என்பது. நமக்கு அது சுத்த தன்யாசி. இரண்டும் ஒரே இசை என்று நான் சொல்லவில்லை. ராகம் என்பது சுர வரிசைக்கு மேலானது. ஆயினும் தமிழ்க் காது இங்கே வெறுங்கையோடு வந்து நிற்கவில்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் தலைமையகத்தை அதன் தளபதி மவுண்ட்பேட்டன் 1944இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கட்டளையகத்தின் படையினருக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நிலையம் அமைந்தது. போர் முடிந்தபின் அதன் வலிமையான ஒலிபரப்பிகள் இலங்கை வானொலியிடம் வந்தன. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியதும் மேற்கத்திய பொப் பாடல்கள் அந்த அலைகளில் தெற்காசியா முழுவதும் போயின. அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன தம் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவோடு மின்கிற்றாரைச் சிங்களப் பாடலுக்குள் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு ‘சின்ன மாமியே’ பாடினார். ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் வீதிப்பாட்டாயிற்று. கண்டியிலிருந்தே 2001இல் ‘பரனொய்ட் எர்த்லிங்’ என்ற றொக் குழு புறப்பட்டது. மிர்ஷாட் பக்மன் அதன் பாடகர். இவர்கள் எவரும் பிறருடைய பாட்டை வாசிப்பதோடு நின்றுவிடவில்லை.

இந்த வாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. றொக்கின் வேர் பிளூஸ் இசையில் இருக்கிறது. பிளூஸ் பிறந்தது அமெரிக்கத் தென்பகுதியின் தோட்டங்களில், கறுப்பினத் தொழிலாளர்களிடையே. பிளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் ஒரு பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தவர், அங்கே உழவு இயந்திரம் ஓட்டியவர். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1941இல் அந்தத் தோட்டத்துக்கே போய் அவரது பாட்டைப் பதிவுசெய்தார். 1943இல் வாட்டர்ஸ் சிக்காகோ போனார், பின்னர் மின்கிற்றாரை எடுத்தார். இங்கிலாந்து இளைஞர் சிலர் தங்கள் குழுவுக்கு ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்று பெயர் வைத்தது அவருடைய ஒரு பாட்டிலிருந்துதான். இப்போது கண்டியைச் சுற்றியுள்ள மலைகளைப் பாருங்கள். தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துர இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோப்பிக் காலத்திலிருந்தே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் தப்பையும் காமன் கூத்தையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் வேலைப்பாட்டையும் இங்கே கொண்டுவந்தார்கள். துரையையும் கங்காணியையும் பற்றிப் புதிய பாட்டும் கட்டினார்கள். அவற்றைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கித் தந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. ஒரு தோட்டத்து மக்களின் பாட்டு கிற்றாரில் ஏறி உலகமெங்கும் போனது. இன்னொரு தோட்டத்து மக்களின் பாட்டு இன்னும் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடக்கிறது. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கிற்றார் பழகும் ஒரு பிள்ளைக்கு மூன்று கோர்ட் பிளூஸ் சுற்றைக் கற்றுத்தருவது அந்நிய மோகம் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் பாட்டனார் வாழ்வை ஒத்த ஒரு வாழ்விலிருந்து எழுந்த இசையை அந்தப் பிள்ளை கற்கிறது.

ஆனால் கற்கும் முறை முக்கியம். இன்று எந்தப் பாட்டின் கோர்டையும் கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். பாட்டின் சொற்களுக்கு மேலே ஜி, சி, டி என்று எழுதியிருக்கும், பார்த்து அடிக்கலாம். இது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். தனியாகப் பழகும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் விரல் எங்கே போக வேண்டும் என்பதை மட்டுமே அந்தத் தாள் சொல்கிறது. ஏன் அங்கே மாறுகிறது என்பதைக் காதுதான் சொல்ல முடியும். பார்த்து அடித்தே நூறு பாட்டுப் பழகியவர் தாள் இல்லாத இடத்தில் நின்றுபோவார். பீட்டில்ஸ் இளைஞர்களாக இருந்தபோது பி செவன் என்ற ஒரே ஒரு கோர்டைத் தெரிந்த மனிதரைத் தேடி லிவர்பூலின் மறுபக்கத்துக்குப் பஸ்ஸில் போனதை அவர்களில் ஒருவரான மக்கார்ட்னி பலமுறை சொல்லியிருக்கிறார். மீதியை இசைத்தட்டிலிருந்து கேட்டே எடுத்தார்கள். ஹம்பர்க் மதுச்சாலைகளில் இரவிரவாகப் பிறருடைய பாட்டுகளை வாசித்தார்கள். 1963இல் வந்த முதல் நெடுந்தட்டின் 14 பாடல்களில் ஆறு பிறருடையவை, எட்டு அவர்கள் எழுதியவை. அந்த எட்டுக்கும் பின்னால் அந்த இரவுகளின் பயிற்சி இருந்தது.

காதால் எடுப்பது அப்படியொன்றும் மாயவித்தையல்ல. பாட்டை ஓடவிட்டு, அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரத்தை மட்டும் வாயால் முணுமுணுத்துப் பார்க்க வேண்டும். அதைத் தடித்த இரண்டு தந்திகளில் தேடிப் பிடித்தால் கோர்டின் பெயரில் பாதி கிடைத்துவிடும். பிறகு, மேலே இருப்பது அந்தர காந்தாரமா சாதாரண காந்தாரமா என்று கேட்டால் மேஜரா மைனரா என்பது தெரியும். எத்தனை தட்டுக்கு ஒருமுறை மாறுகிறது என்று எண்ணுவது மூன்றாவது வேலை. இரண்டு கோர்ட் பாட்டில் இதைச் செய்து பழகியவருக்கு நான்கு கோர்ட் பாட்டு பயமாக இராது. தாளை அதன்பின் எடுத்துச் சரிபார்க்கலாம். அந்த வரிசை மாறக் கூடாது.

கர்நாடக இசை ஆசிரியர்கள் எழுப்பும் மறுப்பு கனமானது. கட்டுகள் போட்ட கிற்றாரில் சுரங்கள் தனித்தனிப் படிகளாக நிற்கின்றன, சுரத்தை அசைத்து வழுக்கும் கமகம் கெட்டுப்போகும் என்கிறார்கள். கோர்டை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் அது உண்மைதான். ஆனால் பிளூஸ் வாசிப்பவர் தந்தியை விரலால் வளைத்து, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் ஓரிடத்தில் நிறுத்துகிறார். அந்த இடைச்சுரத்தில்தான் பிளூஸின் துயரம் இருக்கிறது. கமகம் அறிந்த காதுக்கு அது பிடிபடும் வேகம் மற்றவர்க்கு வராது. சென்னை ஐ.ஐ.டி. மாணவராக இருந்த நாள்களில் றொக் வாசித்த பிரசன்னா, இன்று அதே மின்கிற்றாரில் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் என்பதற்கு அவர் வாசிப்பே மறுமொழி. கர்நாடகம் பயிலும் பிள்ளை அதைக் கைவிட வேண்டியதில்லை, கைவிடக் கூடாது என்பேன்.

பணம் பற்றிய கவலைக்கு இவ்வளவு நல்ல மறுமொழி இல்லை. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது இறக்குமதிப் பொருள் எல்லாவற்றையும் போலக் கிற்றாரும் தோட்டத்துக் குடும்பத்துக்கு எட்டாத விலைக்குப் போயிற்று. பழைய கிற்றாரை வாங்குவது நல்ல வழி, ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டியின் காற்று ஈரம் மிகுந்தது. மரக் கிற்றாருக்கு ஏற்ற ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியது. அதற்கு மேலே போனால் மேற்பலகை ஊதி, தந்தி கட்டைவிட்டு உயர்ந்துவிடும், இரும்புத் தந்தி துருப்பிடிக்கும். உயர்ந்த தந்தியை அழுத்தி விரல் நொந்து, எனக்கு இது வராது என்று விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. குறை விரலில் இல்லை, வாத்தியத்தில் இருக்கிறது. வாங்கும்போதே தந்தியின் உயரத்தைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டு, உறையில் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும்.

மலையகப் பாட்டைக் கிற்றாருக்குக் கொண்டுவர முயல்பவருக்கு றொக் தராத ஒன்றும் தேவைப்படும். றொக்கின் நடை பெரும்பாலும் நான்கு நான்காகப் போகும், இரண்டாவது நான்காவது தட்டில் அழுத்தம் விழும். நம் நாட்டுப்பாடல்களிலோ திஸ்ர நடை மிகுதி. மும்மூன்றாக ஆடி வரும் பாட்டின் மேல் றொக் தட்டலை அப்படியே போட்டால் பாட்டு நொண்டும். அந்த ஆட்டத்துக்கான கை இந்தத் தீவிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்துக் கஃப்ரிஞ்ஞாவிலிருந்து வந்த பைலாவும் மும்மூன்றாகத்தான் ஆடுகிறது, அதைக் கிற்றாரில் தட்டத் தெரிந்தவர்கள் கண்டியிலும் உண்டு. கோர்ட் மாற்றத்தைக் கேட்கும் காதை றொக் பாடலில் பெற்று, வலது கையின் ஆட்டத்தை பைலா வாசிப்பவரிடம் பெற்று, சி. வி. தொகுத்த பாட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தால், அதற்கு இரண்டு கோர்ட் போதுமா மூன்று வேண்டுமா என்பதை அந்தப் பிள்ளை தன் காதாலேயே முடிவுசெய்யலாம்.