காக்ஸ் டவுன் தூசியும் சைக்கிள் செயினும்

செயினுக்கு விடும் மசகான லூப்பில் டிரை நல்லதா, வெட் நல்லதா? பெங்களூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாதம் வராமல் போகாது. பொதுவாகச் சொல்லும் விதி எளிமையானது: வெயில் காலத்துக்கு டிரை, மழைக்காலத்துக்கு வெட். வெயிலும் மழையும் தனித்தனியாக வரும் ஊருக்கு அது சரிதான். ஆனால் பெங்களூரின் காக்ஸ் டவுனில் காலையில் வீலர் ரோட்டில் தூசி பறக்கும், மாலையில் இடியோடு மழை கொட்டும், மறுநாள் காலை மறுபடியும் தூசி. இங்கே எந்த பாட்டிலை வாங்குவது?

முதலில் செயினுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய ரோலர் செயின்தான், சில மாற்றங்களோடு, இன்றும் நம் காலடியில் ஓடுகிறது. ஒரு மூட்டுக்கும் அடுத்த மூட்டுக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். மூட்டின் நடுவே ஒரு பின், அதைச் சுற்றி ரோலர். பல்சக்கரத்தில் ஏறும்போது மூட்டு மடங்கும், இறங்கும்போது நிமிரும். செயினில் 114 கண்ணி, முன்னால் 44 பல், நிமிடத்துக்கு 60 மிதி என்று கணக்குப் போட்டால், ஒவ்வொரு மூட்டும் ஒரு மணி நேரத்தில் சுமார் 5,500 தடவை அசைகிறது. கியர் சைக்கிளில் கியரை மாற்றும் டீரெய்லரின் குட்டிச் சக்கரங்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம். தேய்மானம் முழுக்க அந்தப் பின்னைச் சுற்றித்தான், வெளியே தெரியாத இடத்தில்.

"செயின் நீண்டுபோச்சு" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. பின் தேய்ந்து மூட்டுக்கு மூட்டு இடைவெளி விழுந்துவிடுகிறது. பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ள சைக்கிள்களில் அரை சதவீதம் நீண்டாலே செயினை மாற்றச் சொல்கிறார்கள். அரை சதவீதம் என்பது மூட்டுக்கு 0.06 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். அவ்வளவு மெல்லிய தேய்மானம் 114 மூட்டிலும் சேர்ந்து செயினை 7 மில்லிமீட்டர் நீளமாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் ஓட்டினால் பல்சக்கரமும் போய்விடும். செயினை விட அதற்குத்தான் செலவு அதிகம்.

1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரின் குழு செயின்களை ஆய்வுக்கூடத்தில் ஓட்டி அளந்தது. மிதிக்கும் சக்தியில் 98.6 சதவீதம் வரை பின்னால் போய்ச் சேர்ந்தது. மெழுகு, செயற்கை எண்ணெய் என்று மாற்றிப் பார்த்தும் அந்த அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் தூசி கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. மூட்டுக்குள் இருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு அழுக்கை உள்ளே விடாமல் தடுப்பதுதான் லூப்பின் வேலை என்று ஸ்பைசர் கருதினார். எது அதிகம் வழுக்கும் என்று பார்ப்பதை விட எது தூசியை அண்டவிடாது என்று பார்ப்பதே சரி என்று எனக்குப் பட்டது இதைப் படித்த பிறகுதான்.

நம் ஊர்த் தூசி லேசுப்பட்டதல்ல. பெங்களூர் நிற்பது தீபகற்ப நைஸ் பாறையின் மேல். லால்பாக் குன்றில் வெளியே தெரியும் அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. அதில் குவார்ட்ஸ் நிறைய. அந்தப் பாறை சிதைந்து உண்டான மண்ணும், கட்டட வேலைக்காகக் கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டும் தெருவெல்லாம் கிடக்கின்றன. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண எஃகைக் கீறிவிடும்.

வெட் லூப் கெட்டியான எண்ணெய். உலராது, மழையில் சீக்கிரம் கழுவிப் போகாது. உலராத அந்தக் குணமே இங்கே வினையாகிறது. பறக்கும் கல்தூள் அதில் ஒட்டி, குழைந்து, மூட்டுக்குள் இறங்குகிறது. மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கப் பயன்படும் கிரைண்டிங் பேஸ்ட் போலத்தான் அது வேலை செய்யும். விரலில் ஒட்டுகிற கறுப்பு மையில் எண்ணெயும் கல்தூளும் மட்டும் இல்லை, செயினின் சொந்த இரும்பும் இருக்கிறது.

டிரை லூப்பில் இருப்பது பெரும்பாலும் மெழுகு. எளிதில் ஆவியாகும் திரவத்திலோ தண்ணீரிலோ அதைக் கலந்து வைத்திருப்பார்கள். திரவம் உலர்ந்ததும் மெல்லிய திடப்படலம் நிற்கும். தூசி அதில் அவ்வளவாக ஒட்டாது. குறை என்னவென்றால், அடிக்கடி விட வேண்டும். ஒரு நல்ல மழை போதும், படலம் போய்விடும். துடைக்காமல் நிறுத்தினால் காலையில் துரு.

பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை, செப்டம்பரில்தான் அதிகம். ஆனாலும் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் பெய்து ஓய்ந்துவிடுகிற மழை. சென்னையின் கதை வேறு. வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளும், கடற்காற்றின் உப்பு ஆண்டு முழுக்க இரும்பைத் தின்னும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவருக்கு நான் தயங்காமல் வெட் லூப்பைச் சொல்வேன்.

வீட்டு எண்ணெய்கள் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். பெங்களூர் மார்கழிக் காலையில் அது செயினில் கட்டியாகத்தான் நிற்கும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். மெல்லிசு என்பதால் சீக்கிரம் தெறித்துப் போய்விடும்.

எதை விட்டாலும் விடும் முறைதான் பாதி. பழைய துணியால் செயினை நன்றாகத் துடையுங்கள். அழுக்கு இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, கீழ்வரிசையின் உள்பக்கத்தில் ஒரு ரோலருக்கு ஒரு சொட்டு. டிஸ்க் பிரேக் இருந்தால் ஒரு சொட்டுகூட அதில் படக் கூடாது. சில நிமிடம் சுற்றிவிட்டு, மேலே நிற்பதை எல்லாம் துடைத்தெடுங்கள். செயினின் பக்கத் தகட்டின் வெளிப்பக்கத்தில் பளபளக்கும் லூப்பால் தேய்மானம் குறையாது, தூசியைத்தான் கூப்பிடும். டிரை லூப்பை முந்தின இரவே விட்டுவிட வேண்டும். கிளம்பும்போது விட்டால் உலராமலே தெறித்துவிடும்.

காக்ஸ் டவுனில் ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவேன் என்பவருக்கு என் பதில் டிரை. மழையில் நனைந்த இரவே துடைத்துக் காயவைத்து மறுபடி விட்டுவிட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர், ஜூனிலிருந்து நவம்பர் வரை தினமும் நனைந்தே வீடு திரும்புகிறவர் வெட் வாங்கலாம்; வாரம் ஒருமுறை செயினைத் துடைப்பது அவருக்குக் கட்டாயம். இரண்டு பேருமே மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்து 24 கண்ணியை அளந்து பாருங்கள். புதுச் செயினில் அது 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 306.4ஐத் தொட்டால் செயினை மாற்றிவிடுங்கள்.