உஷார்! ரூபாயை வீசச் சொல்பவர்கள் மறுபடி வருவார்கள்

நெருக்கடி வரும்போது வரிசைகள் மட்டும் வருவதில்லை. கூடவே ஒரு யோசனையும் வரும். "இந்த ரூபாயை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? பேசாமல் டொலரை எடுத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் இந்திய ரூபாயை." 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கால்கடுக்க நின்றவர்கள் இப்படிப் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. கோபத்தில் வரும் பேச்சு அது. பெயர்பெற்ற வெளிநாட்டுப் பொருளியல் அறிஞர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடுத்த நெருக்கடியிலும் சொல்வார்கள். அப்போது தலையாட்டும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு 1000 ரூபாய் நாட்சம்பளம் என்று 2021இல் வர்த்தமானி வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 203 ரூபாய். அப்படியானால் எல்கடுவையில் கொழுந்து பறித்தவரின் நாட்கூலி கிட்டத்தட்ட 5 டொலர். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி டொலர் விலையின் மேலிருந்த பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. அதே கூலி 2 டொலர் 80 சதத்துக்கும் கீழே போனது.

அந்த மே மாதத்தில் "இன்று முதல் நமக்கு டொலர்தான் பணம்" என்று அறிவித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அன்றைய விகிதத்திலேயே எல்லாம் உறைந்திருக்கும். சீட்டுப்பிடித்தும் மிளகு விற்றும் 3,60,000 ரூபாய் சேர்த்தவரின் கையில் 1000 டொலரைக் கொடுத்து, "கணக்கு முடிந்தது" என்றிருப்பார்கள். அந்த யோசனை நடக்கவில்லை. 2024இல் டொலர் 300ஐ ஒட்டி இறங்கியது. அதே தொகை 1200 டொலரானது. போனதெல்லாம் திரும்பவில்லைதான், விலைவாசி விழுங்கியது விழுங்கியதே. ஆனாலும் அந்த 200 டொலர், மோசமான நாளில் கதவைச் சாத்தாததால் மிஞ்சியது.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று நினைப்பவர்கள் எக்குவடோரைப் பார்க்கலாம். 1999 மார்ச்சில் அங்கே வங்கி வைப்புகளை முடக்கினார்கள். 2000 ஜனவரியில் ஒரு டொலருக்கு 25,000 சுக்ரே என்று நிர்ணயித்து டொலருக்குப் போனார்கள். ஓராண்டுக்கு முன் அது சுமார் 7,000. பிற்பாடு விலைவாசி அடங்கியது உண்மை. சேமித்தவரின் பணம் அடங்கிப்போனதும் உண்மை.

எக்குவடோர் தூரம். கூட்டு நாணயம் நமக்குத் தூரமில்லை. 1872 முதல் இலங்கையின் சட்டப்படியான பணம் இந்திய வெள்ளி ரூபாய்தான். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்த நம் முன்னோர், கோப்பித் தோட்டத்தில் வாங்கிய ரூபாயை மடியில் முடிந்துகொண்டு ஊர் போனால், இராமநாதபுரத்துச் சந்தையில் அது அப்படியே செல்லும். அரிசி அங்கிருந்து வந்தது, கூலி அங்கே போனது. செட்டியாரின் கணக்கும் ஒரே பணத்தில். வசதியான ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது.

பிறகு கோப்பி விழுந்தது. 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத்துரு நோய் மலைநாடு முழுக்கப் பரவியது. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். கோப்பி மூட்டைகளுக்காகப் போட்ட பாதை, கோப்பி செத்துக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தது. தோட்டங்களை ஈடு வைத்துத் துரைமார் வாங்கிய கடன் மூழ்கியது. கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவை மூடியது. அந்த வங்கி அச்சிட்ட நோட்டுத்தான் அப்போது இலங்கையில் பெரும்பாலும் புழங்கியது. காலையில் கையில் பணம் என்று இருந்தது, பகலில் வெறும் காகிதம். கடைக்காரர் வாங்க மறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போது ஆளுநராக இருந்த சேர் ஆர்தர் கோர்டன் செய்ததைக் கூர்ந்து பாருங்கள். மூடிய வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்றார். அதே ஆண்டில் சட்டம் இயற்றி, நோட்டு அச்சிடும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டது, அதைக் கவனிக்க ஆணையாளர்களை அமர்த்தியது. காகிதத்தை மாற்றினார்கள். ரூபாயில் கைவைக்கவில்லை. நாடு பற்றியெரியும்போது இந்திய ரூபாயிலிருந்து பிய்த்துக்கொள்ளவும் இல்லை, வேறொன்றின் மேல் தாவவும் இல்லை. காலனித்துவ ஆளுநரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. கோப்பி விழுந்தபோது சம்பளப் பாக்கியோடு அலைந்தவர்களை அந்த ஆட்சி எப்படி நடத்தியது என்பது வேறு கதை. ஆனால் இந்த ஒரு காரியத்தில் நிதானம் இருந்தது.

கூட்டு நாணயத்தின் மறுபக்கம் 1893இல் தெரிந்தது. வெள்ளியின் விலை சரிய, அதுவரை ரூபாயின் மதிப்பும் பவுணுக்கு எதிராகச் சரிந்துகொண்டே போனது. இது துரைமாருக்கு நல்ல காலம். விளைச்சலைப் பவுணுக்கு விற்பார்கள், கூலியை மலிந்த ரூபாயில் கொடுப்பார்கள். அந்த ஆண்டு ஜூனில் இந்திய அரசு, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக்கொடுப்பதை நிறுத்தியது. ரூபாயின் போக்கே திரும்பியது. மாத்தளையில் யாரையும் கேட்டுச் செய்த முடிவில்லை அது. இந்திய ரூபாயை எடுப்போம் என்று இன்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: வட்டி ஏறுவதும் இறங்குவதும் அப்போது மும்பாயில் தீர்மானமாகும். ரத்தோட்டையின் மிளகு விவசாயிக்காக அங்கே எவரும் கூட்டம் போடமாட்டார்கள். மிளகில் பெரும்பங்கு இந்தியாவுக்கே போகிறது. நம் ரூபாய் விழும்போது விவசாயிக்குக் கிடைக்கும் கொஞ்ச நஞ்ச ஆறுதல், ஒரே பணமானால் இல்லாமல் போகும்.

இலங்கை அந்தக் கூட்டிலிருந்து வெளியே வந்தது எப்போது? ஓடும் வண்டியிலிருந்து குதிக்கவில்லை. 1949இல் நாணயச் சட்டம், 1950 ஓகஸ்ட் 28இல் மத்திய வங்கி. அமெரிக்காவிலிருந்து வந்த ஜோன் எக்ஸ்டர் முதல் ஆளுநர். மதிப்பும் மாறவில்லை, ஒன்றுக்கு ஒன்று என்றே தொடர்ந்தது. பெயர்ப்பலகை மாறியதைப் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். வெளியேறுவதென்றால் இப்படித்தான் வெளியேற வேண்டும் என்பது என் கட்சி.

விலகியதன் பலன் 1966 ஜூன் 6இல் தெரிந்தது. இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 4.76இலிருந்து 7.50க்கு இறக்கியது. இலங்கை அசையவில்லை. மறு ஆண்டு நவம்பரில் பவுணைத் தொடர்ந்து இலங்கையும் 5.95க்கு இறக்கியது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அதிகாரபூர்வ விகிதப்படி 1000 இலங்கை ரூபாய்க்கு 1967 ஒக்டோபரில் சுமார் 1575 இந்திய ரூபாய். டிசம்பரில் சுமார் 1260. வாழ்நாள் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு, கப்பலேறிய மாதத்தைப் பொறுத்து.

நெருக்கடிக்குள் நின்றுகொண்டு வெளியேறினால்? கிரேக்கம் 2015இல் விளிம்புவரை போய்த் திரும்பியது. யூரோவை விடுமோ என்ற பேச்சு எழுந்ததுமே வங்கிகளிலிருந்து பணம் பறந்தது. மூன்று வாரம் வங்கிகள் மூடிக் கிடந்தன, இயந்திரத்தில் நாளொன்றுக்கு 60 யூரோ. ஜூலை 5 வாக்கெடுப்பில் கடன்காரர்களின் நிபந்தனைக்கு 61 வீதத்தினர் "இல்லை" என்றார்கள். அப்படியும் அரசாங்கம் யூரோவை விடத் துணியவில்லை. ஆர்ஜன்டீனா, டொலரோடு கட்டியிருந்த முடிச்சை 2002இல் அவிழ்த்தது. டொலரில் போட்ட வைப்புகள் ஒன்றுக்கு 1.40 பெசோ என்று மாற்றப்பட்டன. சில மாதங்களில் சந்தையில் டொலர் 3 பெசோவைத் தாண்டியது. உள்ளே வருவதும் வெளியே போவதும் வலிக்கிற இடம் ஒன்றேதான். பெரிய பணம் முதல் நாளே விமானம் ஏறிவிடும். மெல்ல நகரும் பணம் மாட்டிக்கொள்ளும்: கூலி, முதியவரின் நிலையான வைப்பு, சேமலாப நிதி.

நம்மிடமே சான்று இருக்கிறது. 2023 ஜூன் இறுதியில், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, ஐந்து நாள் வங்கிகள் திறக்கவில்லை. வங்கியில் போட்டது போய்விடுமோ என்று ஊரெல்லாம் பதற்றம். வைப்புகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த அரச பிணைமுறிகளைத்தான் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். தோட்டத்தில் காலைப் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து உழைத்தவர்களின் பணம் அந்த நிதியில்தான் இருக்கிறது. நாணயத்தை மாற்றாத மறுசீரமைப்பிலேயே இந்த நிலை என்றால், நாணயத்தையும் சேர்த்து மாற்றும் இரவு எப்படியிருக்கும்?

இனி, உடனடி எச்சரிக்கை. இந்திய ரூபாயை வங்கிகள் கையாளக்கூடிய வெளிநாட்டு நாணயமாக அறிவித்ததைத் திரித்து, "இனி இங்கே அது செல்லும், இப்போதே வாங்கி வையுங்கள்" என்று எவராவது வந்தால் நம்பாதீர்கள். இலங்கையில் சட்டப்படியான பணம் இலங்கை ரூபாய் மட்டுமே. சீகிரியாவிலோ தம்புள்ளையிலோ இந்தியச் சுற்றுலாப் பயணி தன் கைபேசியால் கியூஆர் அட்டையைப் படமெடுத்துக் காசு கட்டுகிறார் அல்லவா, அப்போதும் கடைக்காரரின் கணக்கில் விழுவது நம் ரூபாய்தான். நோட்டாக நீட்டினால் வங்கிக்கோ, அனுமதி பெற்ற நாணய மாற்றுநருக்கோ அனுப்புங்கள்.

வதந்தி கேட்டு வைப்பை உடைத்து, அனுமதியின்றிப் பணம் மாற்றும் உண்டியல்காரரிடம் டொலர் வாங்குவது அதைவிட ஆபத்து. பீதி உச்சத்தில் இருக்கும் நாளின் விலையில் வாங்குவீர்கள். மே 2022இல் 360க்கு வாங்கியவருக்கு என்ன ஆனது என்பது மேலே உள்ள கணக்கில் இருக்கிறது. அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் ஒருவரின் வைப்புக்கு, நிறுவனம் ஒன்றுக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. உண்டியல்காரர் எழுதித்தரும் துண்டுக்கு எதுவும் இல்லை.