தட்டை வில்லையும் அகன்ற பார்வையும்

சர். ஜகதீச சந்திர போஸ் (1858–1937) என்றதும், செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்றே நம் மாணவர் விடை பகர்வர். அதற்கு முன்னர் அவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆற்றிய பௌதிகப் பணியை நம் வகுப்பறைகள் பெரிதும் மறந்துவிட்டன. அலைநீளம் 5 மில்லிமீற்றர் வரை குறுகிய மின்காந்த அலைகளை 1890களிலேயே தோற்றுவித்து, கந்தகத்திலும் கண்ணாடியிலும் அவை முறிவுறுவதை அவர் அளந்தார். 1897 சனவரியில் இலண்டன் றோயல் நிறுவனத்தில் விளக்கியும் காட்டினார்.

1898இல் அவர் வெளியிட்ட சோதனையொன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. முறுக்கிய சணற் கற்றைகளினூடே இவ்வலைகளைச் செலுத்தியபோது அவற்றின் முனைவுத் தளம் சுழன்றது. முறுக்கை மாற்றியதும் சுழற்சியும் எதிர்த்திசையாயிற்று. சர்க்கரைக் கரைசல் ஒளிக்குச் செய்வதைச் சணல் செய்தது! பொருளன்று, பொருளின் அமைப்பே அலையை ஆண்டது. மருதமுனைத் தறிகளில் ஒரே நூல், இழையோடும் வகையால் வேறு வேறு துணியாவதை நாம் நாளும் காண்கின்றோமல்லவா?

‘மெற்றா மேற்பரப்பு’ எனப்படுவது இக்கருத்தின் வழியே நிற்பது. மெல்லிய பலகையொன்றில், அலைநீளத்தின் பாதியிலும் குறைந்த இடைவெளிகளில், சிறு செப்புத் துண்டுகள் பதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டின் அளவும் வடிவும் அவ்விடத்தில் அலை எவ்வளவு தாமதிக்க வேண்டுமென்பதை வரையறுக்கும். ஒரு படை மட்டும் இருப்பின் அலையின் பெரும்பகுதி தெறித்துவிடுமாதலால், சில படைகளை அடுக்குவர்.

வில்லையென்பது தாமதப்படுத்தும் கருவியே. குவியத்தூரம் 10 சென்ரிமீற்றர், ஆரை 10 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். விளிம்பிலிருந்து குவியத்துக்குள்ள தூரம், பைதகரசு தேற்றப்படி, நடுவிலிருந்துள்ள தூரத்திலும் 41.4 மில்லிமீற்றர் கூடியது. இதனை ஈடுசெய்யத் திண்ம வில்லையின் நடுப்பகுதி பல சென்ரிமீற்றர் தடித்திருத்தல் வேண்டும். ஆயின் 5 மில்லிமீற்றர் அலைக்கு 41.4 என்பது 8.28 அலைநீளம், முழு அலைகள் எட்டையும் தள்ளிவிடின் எஞ்சுவது 0.28 மாத்திரமே. வில்லை தட்டையாவது இவ்வாறே.

இவ்வலைகள் துணியையும் புகையையும் ஊடுருவுவன. விமான நிலையச் சோதனையில் அவை பயன்படுதல் அதனாலேயே. ஒரு மீற்றர் தொலைவில் நிற்பவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருங்கே காண, ஏறத்தாழ 80 பாகைப் பார்வை வேண்டும். மேற்கூறிய வில்லையோ நேரே வரும் அலையை மட்டும் செவ்வனே குவிக்கும். சாய்ந்து வருவது வால்வெள்ளிபோற் சிதறும்.

தாமதத்தை ஆரையின் வர்க்கத்துக்கு விகிதசமமாக அமைப்பின் நிலைமை மாறும். சாய்ந்த அலை தன்னுடன் நேர்விகித உறுப்பொன்றைக் கொணர்கின்றது. வர்க்க உறுப்புடன் அது சேர்ந்தால், க.பொ.த. மாணவன் செய்யும் வர்க்கப்பூர்த்தியே நிகழ்கின்றது: அதே வர்க்கம், மையம் மட்டும் இடம்பெயர்ந்தது. எனவே எத்திசையலையும் பக்கம் நகர்ந்த அதே வில்லையையே காணும். எல்லாக் கோணத்திலும் பிம்பம் ஒரே தரத்ததாகும்.

இதற்கு விலையுண்டு. நடுவிலிருந்து ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு அப்பால் வர்க்கம் உண்மைத் தேவையினின்று கால் அலைநீளத்துக்கு மேல் விலகிவிடும். 20 சென்ரிமீற்றர் விட்டம் முழுவதும் உழைப்பின் ஒரு மீற்றரில் 3 சென்ரிமீற்றர் அளவினதைப் பிரித்தறியலாம்; 12 மட்டும் உழைப்பின் 5ஆகும். கோணத்தை வென்று கூர்மையை இழக்கின்றோம்.

இவ்விழப்பை மீட்க இரண்டாம் மேற்பரப்பொன்று முன்னே வைக்கப்படும். 1930இல் பேணாட் சிமிட் கோளவாடிக்கு முன் திருத்தத் தகடு வைத்த உபாயமே இது. கலிபோர்னியா தொழினுட்பக் கழகத்தார் 2016இல் செந்நிறக்கீழ் ஒளிக்கு இத்தகைய இரட்டை வில்லையை ஆக்கினர்.

ஒரு குறை எஞ்சுகின்றது. எட்டு முழு அலைகளைத் தள்ளிய கணக்கு ஓர் அலைநீளத்துக்கே செல்லும். போசின் தீப்பொறிக் கருவியோ பல அலைநீளங்களை ஒருங்கே உமிழ்வது. அவருக்குத் தடித்த திண்ம வில்லையே பொருந்தியிருக்கும்.