காட்டுக்குள் மட்டும் பேசிய கற்பூர மொழி

காட்டில் அரிசியை அரிசி என்று சொல்லிவிட்டால் கற்பூரம் கண்ணில் படாது. அதனால் அது 'புல்லின் பழம்'. துப்பாக்கி, 'தூரம் ஒலிப்பது'. பன்றி, 'குட்டைக்கால்'. தலைமயிருக்குப் பெயர் 'இலை'. ஜோகூரில் எண்டாவ், செம்புரோங் ஆறுகளை ஒட்டிய காடுகளில் கற்பூரம் தேடிப் போன ஜகூன் பூர்வகுடியினரின் பேச்சு இது. மலாயில் 'பந்தாங் காப்பூர்' என்பார்கள்; கற்பூர விலக்கு என்று பொருள்.

இது கோயிலில் கொளுத்தும் சூடம் அல்ல. பெருமாள் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரம். இதற்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸில், தமிழ் வணிகர்களான ஐந்நூற்றுவர் 1088-இலேயே கல்வெட்டு நாட்டியிருக்கிறார்கள். காப்பூர் மரத்தண்டின் வெடிப்புகளுக்குள் இது படிகமாக உறைந்திருக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. வெட்டிப் பிளந்த பிறகுதான் உழைப்பு பலித்ததா, வீணா என்பது தெரியும்.

அந்த நிச்சயமின்மைதான் இத்தனை கட்டுப்பாடுகளையும் வளர்த்திருக்க வேண்டும். மரத்தைக் காப்பவள் பீசான் என்ற பெண் ஆவி. இரவில் சில்வண்டு கத்தினால் அது அவள் குரல். பக்கத்தில் கற்பூரம் உண்டு. சாப்பாட்டில் அவளுக்கு ஒரு பங்கு வைத்த பிறகே மற்றவர்கள் உண்பார்கள். உப்பை இடிக்கக் கூடாது. பொடி உப்பு தின்றால் கற்பூரமும் பொடியாகவே கிடைக்குமாம்.

ஹாரி லேக், கெல்சால் என்ற இரு ஆங்கிலேயர்கள் இந்தச் சொற்களைக் கேட்டு, எதிரே ஆங்கிலப் பொருள் எழுதி, 1894-இல் ராயல் ஆசியச் சங்கத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார்கள். மானிடவியலாளர் ஃபிரேசரும் விலக்குச் சொற்களைப் பற்றி எழுதும்போது இவற்றை எடுத்துக்காட்டினார்.

பட்டியலில் பெரும்பகுதி மலாய் வேர்கொண்டது. 'குட்டைக்கால்' போன்ற வருணனைகள் அந்த வகை. மலாயில் அடங்காத சொற்களும் கணிசமாக உள்ளன. அவை மறைந்துபோன பழைய ஜகூன் பேச்சின் மிச்சம் என்று கருதப்படுகிறது. பட்டியலின் உண்மையான செல்வம் இவைதான். ஊரிலும் சந்தையிலும் மலாய் பரவ, பழைய சொற்கள் வீட்டுப் பேச்சிலிருந்து நழுவின. காட்டுக்கென்று ஒதுக்கிய பேச்சில் மட்டும் தங்கின. ஆவிக்கு அஞ்சிக் காத்த விதி, தெரியாமலே ஒரு மொழியின் துண்டுகளையும் காத்திருக்கிறது.

எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஓரத்தில், கம்போங் பெத்தாவில் இன்றும் ஜகூன் மக்கள் வாழ்கிறார்கள். ஆங்கில ஆய்விதழின் பழைய பக்கங்களில் கிடக்கும் இந்தச் சொற்கள், உப்பு விதியும் பீசான் கதையும் சேர்ந்து, அவர்கள் பிள்ளைகள் படிக்கும் மலாயில் புத்தகமாக வர வேண்டும்.