வெயிலில் ஓடும் பம்பை நிறுத்துவது யார்?

மன்னார்குடி வட்டாரத்தில், மேட்டூர் அணை திறக்கும்வரை காத்திராமல், ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கொண்டே குறுவை நடும் உழவர்கள் உண்டு. இத்தகைய கிணற்றுப் பம்பைச் சூரிய மின்தகடுகளாலும் இயக்கலாம். 5 குதிரைத்திறன் பம்புக்கு ஏறத்தாழ 4,800 வாட் தகடுகள் வேண்டும்.

மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் பம்பு மணிக்கு ஏறக்குறைய ஒரே அளவு நீரை இறைக்கும். ஆகவே, அதற்கு டைமர் எனப்படும் நேரச் சுவிட்சே போதும். சூரிய பம்பு அப்படியன்று. காலையில் மெல்லச் சுழலும். உச்சிவேளையில் முழு வேகம் பெறும். மேகம் மறைத்தால் தளரும். கடிகாரத்தை மட்டும் நம்பினால் இன்று வயல் நிரம்பும். நாளை பாதிகூட நிரம்பாது.

வேறு எதை நம்புவது? நீர்மட்டத்தையே நம்பலாம்.

கிணற்றில் பம்புக்கு மேலே மூன்று மின்வாய்களைத் தொங்கவிடுவார்கள். அடியில் இருப்பது பொது மின்வாய். கிணற்று நீர் மின்சாரத்தைக் கடத்தும். நீர் நடு மின்வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்று அறுந்து பம்பு நிற்கும். ஊறி மேல் மின்வாயைத் தொட்டால்தான் மீண்டும் ஓடும். ஒரே மட்டத்தில் நிறுத்தவும் ஓட்டவும் செய்தால், நீர் ஒரு விரற்கடை ஏறி இறங்கும்போதெல்லாம் மோட்டார் நின்று நின்று ஓடிக் கெட்டுவிடும். நீரின்றி ஓடினாலோ குளிர்விக்க ஏதுமின்றிச் சூடேறிக் கருகும்.

வயலிலும் இரண்டு மட்டங்கள் உண்டு. துளையிட்ட குழாயை மண்ணில் புதைத்தால் நீர் எவ்வளவு இறங்கியுள்ளது என்பது அதனுள் தெரியும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைப்படி, மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. வரை நீர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். வயலில் 5 செ.மீ. நின்றதும் நிறுத்தலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் வற்றக் கூடாது. குழாய்க்குள் மிதவைச் சுவிட்சு ஒன்றை வைத்தால் இந்த வேலையை அதுவே செய்யும்.

கிணற்றுச் சுவிட்சையும் வயல் சுவிட்சையும் தொடரிணைப்பில் இணைத்தால், இரண்டும் இசைந்தால்தான் பம்பு ஓடும். இவற்றில் பாய்வது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி சொல்லும் சிறு மின்னோட்டமே. தகடுகள் தரும் நேர்த்திசை மின்னோட்டத்தை வீட்டுச் சுவிட்சால் துண்டிக்கக் கூடாது. வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியாவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். நேர்த்திசை மின்னோட்டத்தில் அது அணையாமல் எரியும்.

மாணவர்களே, தமிழ்நாட்டில் 1990 முதல் உழவுக்கு மின்சாரம் இலவசம். வெயிலுக்கும் விலையில்லை. ஆனால், நிலத்தடி நீர் அளவுடையது. கட்டணச் சீட்டு வந்து "போதும்" என்று சொல்லாத இடத்தில், அதைச் சொல்ல வேண்டியவை இந்தச் சிறு சுவிட்சுகளே.