விழுப்புண்ணும் சான்றுப் பத்திரமும்

போர்க்களத்திலே முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை நம் முன்னோர் விழுப்புண் எனப் போற்றினர். முதுகிலே பட்டதைப் புறப்புண் என்று இகழ்ந்தனர். வள்ளுவப் பெருந்தகையார் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் விழுப்புண்ணைப் பற்றிப் பேசுகின்றார். வெண்ணிப் போர்க்களத்திலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகிலும் புண் உண்டாயிற்றே என நாணி, வடக்கிருந்து உயிர் துறந்தான். இச்செய்தியை வெண்ணிக் குயத்தியார் பாடிய புறநானூற்றுச் செய்யுளால் அறிகின்றோம். அக்காலத்திலே புண்ணே சான்று. உடம்பில் அது இருக்கும் இடமே வீரனின் வரலாற்றைச் சொல்லிற்று. வேறு கடிதமோ கையொப்பமோ வேண்டப்படவில்லை.

எனினும், உடம்பு அழிந்த பின்னர் அதிலுள்ள புண்ணும் அழிந்துபோகும் என்பதை அம்முன்னோர் அறியாதவரல்லர். அதனாலன்றோ நடுகல் நாட்டினர்! 2006ஆம் ஆண்டில் தமிழகத்துத் தேனி மாவட்டத்தின் புலிமான்கோம்பையிலே மிகப் பழைய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றிலே தமிழ்ப் பிராமி எழுத்தில் வீரனின் பெயர், கூடல் என்னும் ஊர், ஆகோள் என்னும் நிகழ்ச்சி ஆகிய மூன்றும் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. யார், எங்கே, எந்த நிகழ்ச்சியில் என்ற இம்மூன்று வினாக்களையே இன்றைய அரசாங்கங்களும் காயமுற்ற வீரனிடம் கேட்கின்றன என்பதை மாணவர் மனத்திருத்துவாராக.

இனி, காயத்துக்குப் பதக்கம் வழங்கும் வழக்கம் வளர்ந்த விதத்தை நோக்குவோம். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1782ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் நாள், யோர்ச் வாசிங்டன் தம் படையின் சாதாரண வீரருக்கென ஊதா நிறத் துணியாலான இதயவடிவச் சின்னம் ஒன்றை ஏற்படுத்தினார். பின்னர் அது நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்தது. வாசிங்டன் பிறந்த 200ஆம் ஆண்டு நிறைவு நாளான 1932 பெப்ரவரி 22இல் ‘ஊதா இதயம்’ என்னும் பதக்கமாக அது மீண்டும் உயிர்பெற்றது. பிரித்தானியரோ 1916இல், காயமுற்ற வீரர் தம் சட்டையின் இடது கைப்பகுதியில் அணியும் சிறு பட்டி ஒன்றை அனுமதித்தனர். இந்தியா 1973இல் காயப் பதக்கத்தை நிறுவிற்று. அது பின்னர் பராக்கிரம பதக்கம் எனப் பெயர் பெற்றது. கனடா 2008இல் தியாகப் பதக்கத்தைத் தோற்றுவித்தது. நம் இலங்கையிலும் போரிற் காயமுற்ற படையினருக்குத் ‘தேச புத்திர சம்மானய’ என்னும் விருது உண்டு.

இவ்வகைப் பதக்கத்துக்கும் வீரப் பதக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அறியத்தக்கது. வீரப் பதக்கம் மேலதிகாரியின் மதிப்பீட்டினால் வருவது. அவர் விதந்துரைத்தாலன்றிக் கிட்டாது. ஊதா இதயமோ ஒருவருடைய விதப்புரையையும் வேண்டுவதில்லை. பகைவர் செயலாற் காயமுற்றான், அதற்கு மருத்துவ அலுவலரின் சிகிச்சை வேண்டியிருந்தது, அச்சிகிச்சை பதிவாகியுள்ளது என்பன மெய்ப்பிக்கப்படின் அது வீரனின் உரிமையாகின்றது. ஆயின், உரிமையென்று சொல்லப்படும் இவ்விடத்திலேதான் இடர்ப்பாடும் தோன்றுகின்றது. குண்டு பாயும் வேளையிலே ஏடு எழுதுபவர் யார்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தவரான ஏர்ல் மேயர் என்னும் முதியவரின் வழக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1951ஆம் ஆண்டு கொரியப் போரிலே, மோட்டார்க் குண்டின் சிதறிய துண்டொன்று அவர் தொடையிற் பாய்ந்தது. அத்துண்டு முதுமையிலும் அவர் உடம்பிலேயே இருந்தது. தமக்குக் களத்தில் மருந்திட்ட மருத்துவ உதவியாளர், அதனை ஏட்டிற் பதியுமுன்னரே இறந்திருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. அக்காலத்துத் தோழருள் சான்று கூற எஞ்சியோரும் மிகச் சிலரே. அவர் விண்ணப்பித்தார்; போதிய ஆவணம் இல்லையெனப் படைத்துறை மறுத்தது. தொண்ணூறு வயதைக் கடந்த நிலையிலும் மனந்தளராது நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தார். ஈற்றில் படைத்துறை தன் முடிவை மாற்றியது. 2024ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில், காயமுற்று 73 ஆண்டுகள் கழிந்த பின்னர், ஊதா இதயம் அவர் மார்பை அலங்கரித்தது. தொடையிலிருந்த இரும்பு எழுபதாண்டுகளாகச் சொல்லிய சாட்சியத்தைக் கடதாசி இல்லாமையால் ஒருவரும் செவிமடுக்கவில்லை!

அவரைப் போன்றோர் பலர். 1973ஆம் ஆண்டு யூலை 12ஆம் நாள் அந்நாட்டின் சென் லூயிஸ் நகரிலே, படையினரின் சேவைப் பதிவேடுகளைக் காத்துவந்த கட்டிடம் தீப்பற்றிற்று. 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோவைகள் அழிந்தன. அவற்றுக்கு வேறு படிகள் இருக்கவில்லை. அதன் பின்னர், பழைய வீரர் பலர் தாம் படையிற் சேவித்ததையே பிற வழிகளால் மெய்ப்பிக்க வேண்டியவராயினர்.

ஏடு அழிந்துவிட்டால் உண்மையும் அழிந்ததாகுமா? இவ்வினாவுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் நல்ல விடை தந்துள்ளது. விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியம் வேண்டி நடத்திய வழக்குகளிலே, காலந்தாழ்த்தி விண்ணப்பித்தமை ஒன்றையே காரணமாகக் காட்டி மறுத்தல் தகாது என 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில் அது கூறிற்று. குற்ற வழக்கிற் போல ஐயத்துக்கிடமற்ற சான்றை இவர்களிடம் வேண்டலாகாது, நிகழ்ந்திருக்கக்கூடும் என்னும் அளவே போதும் என 2001இல் குர்தியால் சிங் வழக்கிலே தெளிவுறுத்திற்று. சான்றை அறவே நீக்கியதன்று இத்தீர்ப்பு. கேட்பவரின் நிலைக்கேற்றவாறு சான்றின் அளவைக் குறைத்ததேயாகும்.

இவையெல்லாம் பிற நாட்டார் கதைகள், ஆலையடிவேம்பிலிருக்கும் நமக்கு என்ன பயன் என்று வினவுவோரும் உளர். பயன் பெரிது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே நம் நாட்டிற் காயமுற்றோர் படையினர் மாத்திரமல்லர். வயலுக்குச் சென்றவர், கடலுக்குச் சென்றவர், பள்ளிக்குச் சென்ற பிள்ளை எனப் பலர் உறுப்பிழந்தனர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவருள் அடங்குவர். பதக்கம் அவர்க்கில்லை. எனினும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குவதற்கென 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் நிறுவப்பட்டது. அங்கும் யார், எங்கே, எந்த நிகழ்ச்சியில் என்பனவே வினாக்கள். இடப்பெயர்வினாற் கடிதங்களை இழந்தோர் நம்மிடையே உளர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் பொங்கியெழுந்த ஆழிப்பேரலை, அம்பாறைக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களோடு வீடுகளையும், அவற்றுள் இருந்த பத்திரங்களையும் வாரிச் சென்றது. சென் லூயிசிலே தீ செய்ததை இங்கே கடல் செய்தது.

ஆதலால் இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவரையும் இந்நாள் மாணவரையும் நாம் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ போரின் வடுவைச் சுமந்திருக்கும் முதியவர் இருப்பின், அவரருகே சென்று அமருங்கள். காயமுற்ற நாள், இடம், சிகிச்சை பெற்ற வைத்தியசாலை, உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். கண்டவர் உயிரோடிருக்கையிலேயே சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துவையுங்கள். வைத்தியசாலைச் சீட்டு ஒன்றிருப்பின் அதற்குப் படி எடுத்து, இரண்டு இடங்களிற் காத்துவையுங்கள். இவை சிறு வேலைகளே. ஆயினும், சான்று கூறவல்லவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எழுத்தறிவை இக்கல்லூரியிலே பெற்ற நாம், எழுத அறியாத ஒருவருக்காக ஒரு பக்கம் எழுதிக் கொடுப்போமாயின், நம் முன்னோர் நட்ட கல்லுக்கு நிகரான பணியைச் செய்தவராவோம்.